ஒரு ஷாம்பு பாக்கெட் நமக்குக் கற்றுத்தரும் பாடம்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, கருவடிக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சங்க அங்கத்தினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் மொத்தக் கடைக்கு வந்தார். பையன் வணிகவியல் பட்டம் பெற்றவன். ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக 3 வருடமாக வேலை பார்க்கிறான். மாதச் சம்பளம் உண்டு, பெட்ரோல் படி உண்டு, டார்கெட் முடித்தால் இன்சென்டிவும் உண்டு. அந்த வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வருகிறேன் என்கிறான் பையன். வேண்டாம் என்கிறார் தகப்பனார்.

"நான் முப்பது வருஷம் தராசு பிடிச்சதே இவன் பிடிக்கக் கூடாதுன்னுதான். நீங்களே இவனுக்குப் புத்தி சொல்லுங்க அண்ணே" என்றார் அவர்.

பையன் மரியாதையாகத்தான் பேசினான். "பெரியப்பா, கம்பெனிக்காக நான் ஒரு நாளைக்கு நாற்பது கடை ஏறி இறங்கறேன். நம்ம கடைக்காக நாம ஒரு வீட்டுப் படிகூட ஏறினது இல்லையே. அதை ஒரு வருஷம் செஞ்சு பார்த்தா என்னன்னுதான் கேக்கறேன்" என்றான்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். உடனே பதில் சொல்லாததற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இந்தக் கேள்வி இன்று நம் அங்கத்தினர் பலருடைய வீட்டிலும் இருக்கிறது. உபதேசம் செய்வதைவிட, நமக்குப் பக்கத்து ஊரில் நடந்த ஒரு வரலாற்றைச் சொன்னால் தெளிவு பிறக்கும் என்று தோன்றுகிறது. கடலூர் நமக்கு ஏறக்குறைய 25 கி.மீ. தொலைவுதான். அங்கே உண்டான சரக்கை நாம் எல்லோரும் சரம் சரமாகக் கடையில் தொங்கவிட்டு விற்றிருக்கிறோம். விற்றோமே தவிர, அதிலிருந்து கற்கவேண்டியதைக் கற்றோமா என்பதுதான் கேள்வி.

தகப்பனாரின் யோசனை

கடலூர் சின்னி கிருஷ்ணன் அவர்கள் பெரிய முதலாளி அல்லர். மருந்துப் பொருள்களைப் பொட்டலமிடும் தொழிலில் தொடங்கியவர். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டுமே வந்துகொண்டிருந்த காலத்தில் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சிறு அளவில் விற்றவர். 100 கிராம் பொட்டலமாக வந்த பேதி உப்பை 5 கிராம் பாக்கெட்டில் போட்டவர். கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கக்கூடியதாகத் தம் சரக்கு இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். வருங்காலம் சிறு பாக்கெட்டுக்குத்தான் என்பதை எழுபதுகளிலேயே உணர்ந்திருந்தார்.

ஆனால் அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பிற்காலத்தில் பத்திரிகைப் பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் ஒன்று சொன்னார். தகப்பனார் புதிது புதிதாகக் கண்டுபிடித்தார், ஆனால் அதைச் சந்தையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வகை அவருக்குத் தெரியவில்லை. ஒன்றைச் செய்து முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார் என்பதே அது.

நல்ல சரக்கு தானே விற்றுக்கொள்ளும் என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறோம். அது தானாக நடப்பதில்லை. யாராவது ஒருவர் அதை வாங்குபவரின் கைவரை கொண்டுபோகவேண்டும். மார்க்கெட்டிங் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்லப்படுவது இதுதான்.

மகனின் தேர்வு

ரங்கநாதன் தமிழ் வழியில் படித்தவர். படிப்பில் தாம் சுமார் என்றும், அதனால் தாழ்வு மனப்பான்மை இருந்தது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். சகோதரர்களில் ஒருவர் டாக்டர், ஒருவர் வக்கீல். சிறு வயதில் இவருக்குப் பிடித்தமானவை புறா, மீன், பறவைகள். நூற்றுக்கணக்கில் புறா வளர்த்தவர். கல்லூரிப் பருவத்தில் தகப்பனார் காலமானார். சகோதரர்கள் தொழிலை ஏற்று வெல்வெட் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் 1982இல் ரங்கநாதன் அந்தத் தொழிலில் உற்பத்திப் பிரிவில் சேர்ந்தார். எட்டு ஒன்பது மாதத்தில் கருத்து வேறுபாடு வந்தது. சொத்தில் பங்கு வேண்டாம், தொழிலிலும் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கையில் இருந்தது சம்பளத்தில் மிச்சம் பிடித்த ரூ.15,000 மட்டுமே.

என்ன தொழில் செய்வது என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. தமக்குத் தெரிந்தவை இரண்டே என்று கணக்கிட்டார். ஒன்று ஷாம்பு செய்வது, மற்றொன்று பிராணிகள் வளர்ப்பது. ஷாம்புவில் இறங்கினால் சகோதரர்களோடு போட்டியாகிவிடுமே என்று தயங்கினார். ஆனாலும் தம்மால் செய்ய முடிந்தது அதுதான் என்று கடைசியில் அதையே எடுத்தார்.

இதை நம் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். எது லாபமான தொழில், எதற்கு இப்போது நல்ல காலம் என்று அவர் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு திரியவில்லை. என் கைக்கு என்ன தெரியும் என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார்.

1983இல் கடலூரில் சிக் இந்தியா என்ற பெயரில் தொழில் தொடங்கியது. தகப்பனார் பெயரின் எழுத்துகளிலிருந்து பிறந்ததே 'சிக்'. வீடும் அலுவலகமும் சேர்ந்த இடத்துக்கு மாத வாடகை ரூ.250. தொழிற்கூடத்துக்கு ரூ.300 வாடகை, ரூ.1,200 அட்வான்ஸ். பாக்கெட் போடும் இயந்திரத்தின் விலை ரூ.3,000. முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றது. இரண்டாம் மாதத்திலிருந்தே லாபம் வந்ததாகச் சொல்கிறார். வாடகை ஒரு மடங்கு கூடியிருந்தால் அந்த லாபம் வந்திருக்குமா என்பதை வியாபாரிகளான நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

காலி பாக்கெட் ஸ்கீம் எப்படி வேலை செய்தது?

அப்போது சந்தையில் வெல்வெட் பலமாக இருந்தது. கோத்ரெஜ் போன்ற பெரிய நிறுவனம் அதன் விற்பனைக்குத் துணை நின்றது. அவ்வளவு பெரிய கைகளோடு விளம்பரத்தில் மோத இவரிடம் பணம் இல்லை. ஆகவே ஒரு ஸ்கீம் போட்டார். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். வழியில் போகிறவருக்கெல்லாம் இலவசம் கொடுத்தால், ஷாம்புவே போடாதவர் கைக்கும் சரக்கு போகும். 5 காலி பாக்கெட் வைத்திருப்பவரோ ஏற்கனவே ஷாம்பு வாங்கும் வீட்டுக்காரர். ஆக, இலவசம் சரியான கைக்கே போய்ச் சேர்ந்தது. விளம்பரத்துக்குக் கொட்டிய பணம், சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் போனது போனதுதான். இந்த ஸ்கீமில் சரக்கு பயன்பட்ட பிறகே செலவு ஏற்படுகிறது.

ஜனங்களுக்குச் சிக் பழகியதும் ஸ்கீமை மாற்றினார். இனி 5 காலி சிக் பாக்கெட்டுக்குத்தான் ஒரு சிக் இலவசம். ஏற்கனவே வந்து பழகிய வாடிக்கையாளரை நிறுத்திக்கொள்ளும் வேலை இது. மாதம் ரூ.35,000 ஆக இருந்த விற்பனை ரூ.12 லட்சமாக உயர்ந்தது. பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன, ரூ.30 லட்சமானது. நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியபோது மாதம் ரூ.1 கோடியைத் தொட்டது. இவை அவரே சொன்ன கணக்கு. தென்னிந்தியாவில் முதலிடத்துக்கு வந்தது 1992இல். சகோதரர்களின் தொழிலை முந்துவதற்கு 9 ஆண்டுகள் ஆயின.

மாதக் கணக்கை மட்டும் பார்த்து மயங்குபவர்கள் அந்த 9 ஆண்டுகளையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கிராமத்துக்குப் போனவர்கள்

அந்நாளில் கிராமங்களில் ஷாம்பு போடும் பழக்கமே இல்லை. சீயக்காயும் அரப்பும்தான். கடையில் தொங்கவிட்டால் மட்டும் யார் வாங்குவார்கள்? சிக் கம்பெனியார் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு சிறுவனை உட்காரவைத்து எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினார்கள். தலைமுடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் ஜனங்களை அழைத்தார்கள். ரஜினிகாந்த் நடித்த படங்களைத் திரையிட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, முடிவில் இலவச பாக்கெட் கொடுத்தார்கள். அப்படிக் காட்டிய ஊர்களில் விற்பனை மூன்று நான்கு மடங்கு கூடியது என்கிறார்.

பட்டணத்துப் பெரிய கம்பெனிகளுக்கு இல்லாத எந்த அறிவு இவருக்கு இருந்தது? ஒன்றுதான். தினக்கூலி வாங்குபவர் கையில் மாதத்துக்கான பணம் ஒரே நாளில் சேராது என்பது அவருக்குத் தெரியும். அன்றைய கூலியில் அன்றைய செலவு. அந்தக் கைக்கு எந்த அளவு பொருந்துமோ அந்த அளவில் சரக்கைக் கொடுத்தார். இந்த அறிவு நம் கல்லாவுக்கு முன்னால் தினமும் வந்து நிற்கிறது. "பத்து ரூபாய்க்கு எண்ணெய்", "ஐந்து ரூபாய்க்குச் சீரகம்" என்று கேட்பவர்களை அவரைவிட நாம்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். பார்த்தும் அலுத்துக்கொண்டோம். அவர் அதையே தொழிலாக்கினார்.

வரி கட்டியவருக்குக் கிடைத்த கடன்

வங்கிக் கடனுக்காக அவர் ஏறக்குறைய 3 வருடம் அலைந்தார். ஈடு காட்ட அவரிடம் சொத்து இல்லை. கடைசியில் ஒரு வங்கி ஈடில்லாமல் ரூ.25,000 கொடுத்தது. அதற்குக் காரணம், சிறுதொழில் நடத்துபவராக இருந்தும் ஒழுங்காக வருமான வரி கட்டிவந்தார் என்பதை வங்கி அதிகாரி கவனித்ததுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

துண்டுச் சீட்டில் கணக்கு வைத்துப் பழகிய நமக்கு இது சுருக்கென்று தைக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நம்மில் எத்தனை பேர் புலம்பினோம்! புலம்பியதில் நியாயமும் இருந்தது. ஆனால் சொத்து இல்லாதவனுக்குக் கணக்குப் புத்தகமே ஈடு என்பதையும் மறுப்பதற்கில்லை.

1998இல் அந்நிறுவனம் கெவின்கேர் என்று பெயர் மாறியது. 'கவின்' என்ற நம் தமிழ்ச் சொல்லுக்கு அழகு என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயரின் முதலெழுத்துகள் தகப்பனாரின் சி, கே ஆகிவிடும்.

மறுபக்கமும் உண்டு

ரூ.15,000 எடுத்துக்கொண்டு கிளம்பியவர் எல்லோரும் கரை சேர்வதில்லை. ஜெயித்தவர் கதையைத்தான் பத்திரிகைகள் எழுதும். முதலை இழந்து மறுபடி சம்பளத்துக்குப் போனவர்களை நம் மார்க்கெட்டிலேயே பார்த்திருக்கிறோம். வீட்டாரோடு பிணங்கிக்கொண்டு போனால்தான் முன்னேறலாம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிறு பாக்கெட் ஏழைக்கு ஷாம்புவைக் கொடுத்தது. கூடவே நம் வாய்க்கால்களுக்கு மக்காத குப்பையையும் கொடுத்தது. பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் அதை உருக்கி மறுபடி பயன்படுத்துவதும் எளிதல்ல. காலி பாக்கெட்டுக்கு மதிப்பு இருந்த காலத்தில் ஜனங்கள் அதைப் பத்திரமாக எடுத்துவைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். மதிப்பு போனதும் தெருவில் எறிந்தார்கள். குப்பையைத் திரும்ப வாங்க வழி தேடுபவர்கள் அந்தப் பழைய ஸ்கீமையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நம் கடைக்கு என்ன பாடம்?

நமக்குப் பட்டவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, 'இல்லை' நோட்டு. வாடிக்கையாளர் கேட்டு நாம் "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு சரக்கையும் ஒரு நோட்டில் குறிக்கவேண்டும். விற்றதற்குப் பில் இருக்கிறது. விற்காமல் விட்டதற்கு எந்தக் கணக்கும் இல்லை. கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவழித்துத் தேடும் தகவல் இது. நமக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு வேளை கல்லாவை விட்டு வெளியே இறங்குவது. மெஸ், டீக்கடை, சமையல் கான்ட்ராக்டர், புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீடுகள் என்று நேரில் போய் என்ன தேவை, எவ்வளவு, எந்த நாளில் என்று கேட்கவேண்டும். செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் வந்துவிட்டன. அவர்களுக்கு வாடிக்கையாளரின் விலாசம் தெரியும். நமக்கு அவருடைய குடும்பமே தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்தாவிட்டால் தெரிந்து என்ன பயன்?

மூன்றாவது, வீட்டுச் செலவையும் கடைக் கணக்கையும் பிரிப்பது. கடையில் உட்காரும் மகனுக்கு மாதச் சம்பளம் எழுதவேண்டும். சம்பளம் போடாமல் பார்க்கும் லாபம் லாபமே அல்ல, மகனின் உழைப்பு அது. பல பிள்ளைகள் கடையை வெறுப்பதற்குக் காரணம் உழைப்பு அல்ல. அப்பாவிடம் ஐந்துக்கும் பத்துக்கும் கை நீட்டவேண்டியிருப்பதுதான் காரணம்.

நான்காவது, தொழில் மாறும் இளைஞர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவேண்டிய மூன்று கேள்விகள். எனக்குக் கைவந்த வேலை எது? வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவேன்? போடும் முதல் என் சேமிப்பா, அப்பாவின் கல்லாவா? 

எங்கள் வீட்டுக் காரணம்

2006இல் எங்கள் மூத்த மகன் எங்களிடம் ஒன்று கேட்டான். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் மூன்றையும் நம் கடைப் பெயரிலேயே 2 ரூபாய் பாக்கெட்டாகப் போடலாம், ரூ.40,000 கொடுங்கள், ஒரு வருடம் பார்க்கிறேன் என்றான். "மூட்டையில் விற்கிற கடை இது. இரண்டு ரூபாய் பொட்டலம் கட்டவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று சொல்லிவிட்டோம். அவன் மறுபேச்சு பேசவில்லை. அடுத்த மாதமே வெளியூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இன்று நல்ல சம்பளத்தில் விற்பனை மேலாளராக இருக்கிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு வரும்போது கடையில் கொஞ்ச நேரம் நிற்பான். யாரும் சொல்லாமலே அவன் கை அலமாரிக்குப் போகும். மசாலா பாக்கெட்டுகளைப் பெயர் தெரியும்படி முன்பக்கமாகத் திருப்பி அடுக்குவான். எல்லாம் வேறு யாரோ கம்பெனிக்காரர்களின் பாக்கெட்டுகள். எங்களுக்குத்தான் அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அன்று ரூ.40,000 போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மனம் ஆறும். கணக்கே போடாமல் கௌரவத்துக்காகச் சொன்னோம். அதுதான் உறுத்துகிறது.

ஆகவே கருவடிக்குப்பத்து அங்கத்தினருக்கு இப்படிச் சொன்னோம். பையன் உடனே வேலையை விடவேண்டாம். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த மாலைகளிலும் கடைக்கு வரட்டும். 'இல்லை' நோட்டை அவன் பொறுப்பில் விடுங்கள். அதில் வந்த சரக்குகளில் நான்கைந்தை அவனுடைய சேமிப்பில் வாங்கி விற்கட்டும். வரவும் செலவும் தனிச் சிட்டையில் ஏறட்டும். மூன்று மாதம் கழித்து அந்தச் சிட்டையை நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் பேசுங்கள். அப்போது பேசுவது கோபமாக இருக்காது, கணக்காக இருக்கும்.

சென்ற வாரம் அவர் சரக்கு எடுக்க வந்தபோது அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் வாரத்திலேயே இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. கேழ்வரகு மாவு, நாட்டுச் சர்க்கரை, கால் கிலோ இட்லி அரிசி, குழந்தைக்குக் கஞ்சி மாவு என்று வரிசையாகப் பையனின் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று கோடு போட்டிருந்தான்.

அவர் ஒருமுறை அந்தக் கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஒரே வாரத்துல இத்தனை தடவையா நான் இல்லைன்னு சொன்னேன் அண்ணே?" என்று கேட்டார்.